பூவா தலையா ஆட்டத்தில் தோற்று ஒரு லட்சத்துக்குப் புரோ நோட்டு: கட்டித்தான் ஆக வேண்டுமா?

இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் முப்பதுகளில் இருப்பவர். பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். திருமணமாகி ஒரு குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடும் இடத்தில், கூடப் படித்த ஒருவர் ஓர் ஆட்டத்தை ஆரம்பித்திருக்கிறார். ஆட்டத்துக்கு 500 ரூபாய் கட்டணம். தலை விழும்வரை நாணயத்தைச் சுண்ட வேண்டும். முதல் தடவையே தலை விழுந்தால் 20 ரூபாய் கிடைக்கும். இரண்டாவதில் விழுந்தால் 40, மூன்றாவதில் 80, நான்காவதில் 160 என்று பரிசு இரட்டித்துக்கொண்டே போகும். "எவ்வளவு வந்தாலும் தருவேன்" என்பது நண்பரின் வாக்கு. நம் வாசகர் ஏதோ ஒரு வீடியோவில், இப்படிப்பட்ட ஆட்டத்தின் சராசரி வரவு முடிவிலி, என்ன கட்டணம் கேட்டாலும் ஆடலாம் என்று கேட்டிருக்கிறார். நம்பி ஆடினார்.

400 ஆட்டம் ஆடி 2,00,000 ரூபாய் கட்டணம். திரும்பி வந்தது 37,400. நஷ்டம் 1,62,600. அதில் 22,600 கைக்காசு. 40,000 மனைவிக்குத் தெரியாமல் அவருடைய வளையலை வங்கியில் அடகு வைத்து வாங்கியது. மீதி ஒரு லட்சத்துக்கு நண்பர் புரோ நோட்டு எழுதி வாங்கியிருக்கிறார், கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஒன்றும். இப்போது நண்பர் புதிதாக ஒன்று சொல்கிறாராம்: இனி சாதாரணப் பூவா தலையா ஆடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு, ஜெயித்தால் அதே அளவு தருகிறேன். வாசகர் 2,05,000 ரூபாய் கடன் வாங்கி, 200 ரூபாயில் தொடங்கி, தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக்கி, விட்டதைப் பிடிக்க நினைக்கிறார்.

கேள்விகள் நான்கு. நாணயத்தில் ஏதாவது ஏமாற்று உண்டா? இரட்டிப்பு முறையில் பணத்தை மீட்க முடியுமா? ஒரு லட்சத்தைக் கட்டியாக வேண்டுமா? கோர்ட்டுக்குப் போனால், கையெழுத்து என்னுடையது அல்ல என்று சொல்லிவிடலாமா?

அன்புள்ள வாசகரே,

நான் சட்டத்துக்கு வரும் முன் கணிதம் படித்தவன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் படித்தேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் நினைக்கும் ஏமாற்று எங்கே இல்லை என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

நாணயத்தின் மேல் சந்தேகம் வேண்டாம்

உங்கள் 400 ஆட்டத்தை நேர்மையான நாணயத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 200 ஆட்டம் முதல் தடவையிலேயே முடியும். 200 தரம் 20, அதாவது 4,000 ரூபாய். நூறு ஆட்டம் இரண்டாவதில் முடியும், அதுவும் 4,000. ஐம்பது மூன்றாவதில், மறுபடி 4,000. ஒவ்வொரு படியிலும் ஆட்டங்கள் பாதியாகக் குறைகின்றன, பரிசு இரட்டிக்கிறது, ஆகவே படிக்கு 4,000தான் நிற்கும். ஒன்பதாவது படிக்கு வரும்போது ஆட்டங்கள் தீர்ந்துவிடும். ஒன்பது நான்காயிரம் 36,000. உங்களுக்கு வந்தது 37,400. உங்கள் பெரிய பரிசு 5,120 என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியாக ஒன்பதாவது படிதான். நாணயம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

இதே ஆட்டத்தை பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் இயற்கையியலாளர் பூஃபோன் ஒரு குழந்தையை வைத்து 2,048 தடவை ஆடவிட்டுக் கணக்கெடுத்தார். 1,061 ஆட்டம் முதல் தடவையிலேயே முடிந்தது, ஒன்பதாவது வரை போனவை வெறும் ஆறு. அவர் வைத்த முதல் பரிசு 1, உங்களுடையது 20. உங்கள் ரூபாய்க் கணக்குக்கு மாற்றினால் ஆட்டத்துக்குச் சராசரி 98 ரூபாய் வருகிறது. உங்கள் சராசரி 93 ரூபாய் 50 காசு. அந்தக் குழந்தை உங்களைவிட மோசமாகவும் ஆடவில்லை, ரொம்ப நன்றாகவும் ஆடவில்லை.

நீங்கள் 500 கொடுத்தீர்கள். அதுதான் விஷயம்.

வீடியோ சொன்னது முழுப் பொய் அல்ல, அதனால்தான் அது ஆபத்து. முதல் படியின் பங்கு 20-இல் பாதி, 10 ரூபாய். இரண்டாவது 40-இல் கால், 10 ரூபாய். மூன்றாவது 80-இல் எட்டில் ஒன்று, அதுவும் 10. படிகளுக்கு முடிவே இல்லையென்றால் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போகலாம், கூட்டுத்தொகை முடிவிலி. இந்தப் புதிரின் முதல் வடிவத்தை 1713-இல் ஒரு கடிதத்தில் கேட்டவர் நிக்கோலாஸ் பெர்னூலி. (அவரும் சட்டம் படித்தவர்தான். நிகழ்தகவுக் கணக்கைச் சட்டத்தில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே 1709-இல் அவர் எழுதிய ஆய்வுரை. எனக்கு அவரைப் பிடிக்கும்.) அவருடைய சித்தப்பா மகன் டேனியல் பெர்னூலி 1738-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் இதற்கு விடை எழுதினார். அந்த ஊரின் பெயரே புதிருக்கும் நிலைத்துவிட்டது. டேனியல் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: நூறு ரூபாய் எல்லோருக்கும் ஒரே நூறு ரூபாய் அல்ல, கையில் இருப்பதைப் பொறுத்து அதன் பயன் மாறும். அவர் போட்ட கணக்கை உங்கள் ஆட்டத்துக்கு மாற்றினால், 20,000 ரூபாய் சொத்து உள்ளவருக்கு ஓர் ஆட்டத்தின் மதிப்பு 120 ரூபாய் அளவில்தான் வரும்.

அந்தத் தத்துவம் இல்லாமலேயே உங்கள் கேள்வி தீரும். முடிவிலி வேண்டுமானால், கொடுப்பவர் பையிலும் முடிவிலி இருக்க வேண்டும். உங்கள் நண்பரால் அதிகபட்சம் ஒரு லட்சம்தான் கொடுக்க முடியும் என்றால் ஆட்டத்தின் நியாயமான கட்டணம் 142 ரூபாய். பத்து லட்சம் கொடுக்க முடிந்தால் 175. ஒரு கோடீஸ்வரர் நடத்தினாலும் 209. பை பத்து மடங்கு பெருத்தால் நியாயமான கட்டணம் 33 ரூபாய்தான் ஏறுகிறது. 500 ரூபாய் நியாயம் என்று சொல்ல உங்கள் நண்பரிடம் சுமார் 5,600 லட்சம் கோடி ரூபாய் இருக்க வேண்டும். மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் ஏறக்குறைய 50 லட்சம் கோடி. நூறு பட்ஜெட்டுக்கு மேல் கையிருப்பு உள்ள மனிதர் உங்களோடு டீ குடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

"விடாமல் ஆடியிருந்தால் பெரிய பரிசு விழுந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடும் எண்ணிக்கை இரட்டித்தால் சராசரி வரவு சுமார் 10 ரூபாய் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் சராசரி 500-ஐத் தொட, வினாடிக்கு ஓர் ஆட்டம் என்று தூங்காமல் ஆடினாலும் மூன்றரைக் கோடி ஆண்டு ஆகும். அதுவரை கட்டணத்தை யார் கட்டுவது?

32 ஆட்டத்தில் 31-இல் நீங்கள் கட்டியதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆறாவது தடவைக்கு முன் தலை விழுந்தால் நஷ்டம். இந்த ஒரு வரியை முதல் ஞாயிறே யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் போதும்.

இரட்டிப்பு முறை

புதிய ஆட்டம், அதாவது கட்டியதற்குச் சமமாகக் கொடுக்கும் ஆட்டம், நியாயமானதுதான். அதை மறுக்கவில்லை. கையால் சுண்டும் நாணயம் கிளம்பிய பக்கமாகவே விழுவது 100-இல் 50.8 என்று 3,50,757 தடவை சுண்டிப் பார்த்த ஓர் ஆய்வு சொல்கிறது. யார் எந்தப் பக்கம் மேலே வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நீங்கள் ஆடப்போவதில்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

நியாயமான ஆட்டம் விட்டதைத் திருப்பித் தராது. 200-இல் தொடங்கி இரட்டித்தால், பத்துத் தடவை தொடர்ந்து தோற்பதற்கு 2,04,600 ரூபாய் வேண்டும். உங்கள் 2,05,000 கடன் அந்தப் பத்துக்குத்தான் சரியாக இருக்கிறது. பத்தும் தொடர்ந்து தோற்பது 1,024-இல் ஒரு முறை. "அது எங்கே நடக்கப் போகிறது" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஜெயிப்பது 200 மட்டுமே. 1,62,600-ஐ மீட்க, இடையில் ஒரு முறைகூடப் பத்துத் தோல்வி வராமல் 813 சுற்று ஜெயிக்க வேண்டும். அப்படி நடக்க வாய்ப்பு 100-இல் 45. மீதி 55-இல், பத்தும் தோற்கும் அந்த ஒரே சுற்றில் 2,04,600 ரூபாய் போகும்.

"ஐந்து தடவை பூ விழுந்தால் ஆறாவது தலைதானே" என்ற வரியையும் பார்த்தேன். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச் 10,000 தடவை சுண்டி எழுதிவைத்தார். தலை 5,067. சதவீதம் ஐம்பதை ஒட்டி வந்துவிட்டது, ஆனால் 67 தலை அதிகம் என்பது அதிகமாகவேதான் நின்றது. அதை ஈடுகட்டப் பூ வந்து விழவில்லை.

இன்னொன்று. சும்மா பழகிப் பார்த்தபோது நண்பரே விடாமல் முன்னால் இருந்தார், அதனால் ஏதோ சூது இருக்கிறது என்கிறீர்கள். இருபது தடவை சுண்டும் நியாயமான ஆட்டத்தில், இருவரில் யாரோ ஒருவர் ஒரு கணம்கூடப் பின்தங்காமல் இருப்பதற்கு வாய்ப்பு 100-இல் 35. இருவரும் பாதிப் பாதி நேரம் முன்னிலையில் இருப்பதற்கு 6-தான். நம் மனம் எதிர்பார்ப்பது இதற்கு நேர் எதிர். நண்பர் முன்னால் இருந்தது எதற்கும் ஆதாரம் ஆகாது.

புரோ நோட்டு

இனி சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆகவே அந்த ஒரு லட்சம் ஆட்டத்தில் தோற்ற பணம் மட்டும்தான் என்றால், கோர்ட் மூலம் உங்களிடம் வசூலிக்க நண்பருக்கு உரிமை இல்லை.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். சட்டம் இப்படி இருக்க, காகிதம் வேறு மாதிரி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் "எனது அவசரக் குடும்பச் செலவுக்காக ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கிறது, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் உங்கள் கையெழுத்து. பந்தயம் என்ற பேச்சே இல்லை. புரோ நோட்டு, காசோலை பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி, நோட்டு இருந்தால் அதற்குப் பிரதிபலன், அதாவது பதிலுக்குப் பணம், கைமாறியது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. காட்ட முடியும். அதற்குச் சாட்சியம் வேண்டும்: ஆட்டக் கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம், "இன்னைக்கு 30 ஆட்டம், பாக்கி 13 ஆயிரம்" என்பது போன்ற வாட்ஸ்அப் செய்திகள், ஜிபே வரவு செலவு, உடன் இருந்தவர்கள். இன்றே எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். போனைப் பேக்கப் செய்யுங்கள்.

இதனால்தான் கையெழுத்தை மறுக்க வேண்டாம் என்றேன். நிபுணர் பார்த்து உங்களுடையதுதான் என்று சொன்னால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். "கையெழுத்து என்னுடையது, பணம் வாங்கவில்லை, இது பந்தயப் பாக்கி" என்பதே உங்கள் கட்சி. அது உண்மையும்கூட.

அப்புறம் செய்யக் கூடாதவை.

நோட்டின் பின்பக்கம் வட்டியாகவோ அசலாகவோ சிறு தொகையை வரவு எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டவுடன் பணம் தர வேண்டிய நோட்டுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. கெடுவுக்குள் நீங்கள் எழுதிக் கொடுக்கும் வரவு அந்தக் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். "பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்" என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

நோட்டு வேறு கைக்கு மாறலாம் என்பதையும் கவனியுங்கள். பந்தய விவரம் தெரியாமல், பணம் கொடுத்து, நல்லெண்ணத்தில் எழுதி வாங்கிய மூன்றாவது ஆள் வந்து கேட்டால், உங்கள் பந்தய வாதம் அவரிடம் எடுபடாமல் போகலாம். அதனால் ஒரு வழக்கறிஞர் மூலம் நண்பருக்கு இப்போதே நோட்டீஸ் அனுப்புவது நல்லது: நோட்டும் காசோலையும் பந்தயத்துக்காகக் கொடுக்கப்பட்டவை, திருப்பித் தாருங்கள், யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள் என்று. இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் நடத்தியவரோடு ஆடியவரையும் தொடும். எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முன் வார்த்தைகளை வழக்கறிஞரோடு உட்கார்ந்து பாருங்கள்.

காசோலைதான் அவசரம். அதை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கு நோட்டீஸ் வரும். கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் குற்ற வழக்கு. சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும், பந்தயப் பாக்கி அதில் வராது. ஆனால் இங்கும் ஊகம் முதலில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவதோ, பேசாமல் இருப்பதோ மிகப் பெரிய தவறு. வந்தவுடன் பதில் அனுப்புங்கள்.

ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்த 62,600? அதைக் கேட்டு வழக்குப் போட வழியில்லை. தோற்ற இடத்தில் விட்டுவிடுவதே சட்டத்தின் வழக்கம். ஏமாற்றிவிட்டார் என்று போலீசில் புகார் கொடுக்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விதியை வெளிப்படையாகச் சொல்லி, நேர்மையான நாணயத்தில், அநியாய விலைக்கு ஆட்டம் விற்றிருக்கிறார். இதை மோசடி என்று நிறுவுவது கடினம் என்பது என் கருத்து. அவர் வீட்டுக்கு வந்து மிரட்டினால் அது வேறு கதை, உடனே புகார் கொடுங்கள்.

அந்தப் புதுக் கடன்

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இன்று உங்கள் தலைமேல் இருக்கும் ஒரு லட்சம், கோர்ட்டில் நிற்காத கடன். நாளை நீங்கள் பைனான்சில் வாங்க நினைக்கும் 2,05,000, கோர்ட்டில் நிற்கும் கடன். கடன் கொடுப்பவர் உங்களோடு பந்தயம் கட்டவில்லை, நீங்கள் அதை என்ன செய்தீர்கள் என்பது அவர் பிரச்சினை அல்ல. பந்தயத்தை ஒட்டி நடக்கும் தனி ஒப்பந்தம் அதனாலேயே செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது. 100-இல் 45 வாய்ப்புக்காக, கட்ட வேண்டாத கடனைக் கட்டியே தீர வேண்டிய கடனாக மாற்றப் போகிறீர்கள். கட்சிக்காரர் யாராவது என் எதிரில் உட்கார்ந்து இப்படிச் சொன்னால் பேனாவை மூடிவிடுவேன். அதுவும் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று போனால் சொல்லவே வேண்டாம். அவற்றைத் தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனாலும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வளையலைப் பற்றி. அது உங்கள் மனைவியின் சொத்து. வங்கிக்கு ஆட்டத்தோடு சம்பந்தமில்லை, ஆகவே அந்த 40,000 கட்டியாக வேண்டிய கடன். ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வந்து அவர் பிரித்துப் படிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வழக்கு நடந்தால் அவரே உங்களுக்கு முக்கியமான சாட்சியாகவும் இருக்கலாம், குடும்பச் செலவுக்கு ஒரு லட்சம் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்ல அவரைவிட யார் பொருத்தம்? கெடு முடிவதற்குள் வட்டியைக் கட்டி நகைக்கடனைப் புதுப்பித்துவிட்டால், அசலை மாதாமாதம் குறைத்து வரலாம்.

ஞாயிறு வந்தால் கை பரபரக்கிறது, தூக்கம் இல்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வக்கீல் மருந்தில்லை. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்கக் கையில் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. இலவச உதவிக்கு வருமான வரம்பு உண்டு, உங்கள் சம்பளம் அதற்குள் வருகிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். போகும்போது புரோ நோட்டு நகல், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை, ஆட்டக் கணக்கு எழுதிய நோட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.